பைலட் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

பைலட் ஆவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். சொந்தப் பணத்திலோ கடன் வாங்கியோ படிக்க நினைப்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். பதில் சொல்பவர்கள் விமானப் பயிற்சித் துறையில் இருப்பவர்கள்.

மகன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். வேலூரில் ஒரு ஓட்டலில் நடந்த பைலட் பயிற்சிக் கூட்டத்துக்குப் போய்வந்தோம். ஐம்பது லட்சம் கட்டினால் ஒன்றரை வருஷத்தில் லைசென்ஸ், கையோடு வேலை என்றார்கள். எங்களுக்கு இருப்பது ஒரு வீடும், வீட்டுக்காரர் நடத்தும் தறிப் பட்டறையும்தான். வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா?
— ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, அவர்கள் சொன்ன ஐம்பது லட்சம் லைசென்ஸ் கைக்கு வரும் வரைக்குமான தொகை. நீங்கள் கணக்குப் போட வேண்டியது முதல் சம்பளம் வரும் நாள் வரைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

இப்படிப் பாருங்கள். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சி.பி.எல்., எடுக்கப் பள்ளியைப் பொறுத்து 45 முதல் 60 லட்சம் வரை ஆகிறது. எழுத்துத் தேர்வுக்கான வகுப்பு, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து இன்னும் ஐந்தாறு லட்சம். லைசென்ஸ் வந்த பிறகு, பெரிய ஜெட் விமானத்தை ஓட்ட அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அதன் பெயர் டைப் ரேட்டிங். அதற்கு 12 முதல் 20 லட்சம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் பயிற்சி உதவித்தொகைதான். முழுச் சம்பளம் பிறகுதான். ஆக மொத்தம் 62 முதல் 86 லட்சம். நடுவாக எடுத்தால் கூட்டத்தில் சொன்னதைப்போல ஒன்றரை மடங்கு.

கடனைப் பார்ப்போம். 60 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 15 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 68,200 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 1 கோடியே 23 லட்சத்தை ஒட்டி வரும். பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்த நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முழுத் தொகையும் எடுத்த பிறகு வட்டி மட்டுமே மாதம் 55,000. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும். தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக் கடன் ஆகும். அதன் பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வேலை கிடைக்க இரண்டு வருஷம் ஆனால் அந்த 68,200 எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குத் தறிப் பட்டறை வருமானம் பதில் சொல்லுமா என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பாருங்கள். சொல்லாது என்றால் குடியிருக்கும் வீட்டை வைக்காதீர்கள் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. வேறு நிலமோ மனையோ இருந்து, அது போனாலும் குடும்பம் நிற்கும் என்றால் யோசிக்கலாம்.

'கையோடு வேலை' என்று எந்தப் பயிற்சிப் பள்ளியாலும் உறுதி தர முடியாது. வேலை கொடுப்பது விமான நிறுவனம். அது தன் தேர்வைத் தானே நடத்தும். இன்னொன்றும் கவனியுங்கள். 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019-ல் ஜெட் ஏர்வேஸ். 2023-ல் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள பைலட்டுகள் நூற்றுக்கணக்கில் வேலை தேடி வந்தார்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2020-ல் கொடுத்த சி.பி.எல். 578, 2023-ல் 1,622. விமானங்களும் பெருகுகின்றன, போட்டிக்கு நிற்பவர்களும் பெருகுகிறார்கள். உங்கள் மகன் லைசென்ஸ் எடுக்கும் வருஷம் நல்ல வருஷமா இல்லையா என்பதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இதற்காகக் கனவையே மூட்டை கட்டச் சொல்லவில்லை. பணம் போகும் வரிசையை மாற்றுங்கள். முதலில் சில ஆயிரம் செலவாகும் மருத்துவச் சோதனை. அடுத்து ஒன்றிரண்டு லட்சத்தில் முடியும் எழுத்துத் தேர்வுகள். இரண்டிலும் தேறிய பிறகுதான் பெரிய தொகை. முதல் இரண்டில் நின்றுபோனாலும் வீடு வீடாகவே இருக்கும்.

மருத்துவச் சோதனையை எங்கே எடுப்பது? நான் கண்ணாடி போட்டிருக்கிறேன். சி.எம்.சி.யிலேயே எடுத்துக்கொள்ளலாமா?
— பிளஸ் டூ மாணவர், ஆம்பூர்

பெரிய ஆஸ்பத்திரி என்பதற்காக அங்கேயே எடுத்துவிட முடியாது தம்பி. டி.ஜி.சி.ஏ. தன் பட்டியலில் சேர்த்திருக்கும் மருத்துவர்களிடம்தான் எடுக்க வேண்டும். பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. முதலில் கிளாஸ் 2. அதில் தேறிய பிறகு கிளாஸ் 1. சி.பி.எல்.லுக்குக் கிளாஸ் 1 கட்டாயம். முதல் முறை கிளாஸ் 1 எடுக்க நம் பக்கத்துக்கு வசதியான இடம் பெங்களூரு விமானபுராவில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம். காட்பாடியில் ரயில் ஏறினால் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குவது கிட்டம்.

கண்ணாடி ஒரு தடையே இல்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். ஆனால் பறக்கும்போது கையில் இன்னொரு ஜோடிக் கண்ணாடி இருந்தாக வேண்டும். கண்ணாடியை ஒழிக்கிறேன் என்று அவசரப்பட்டு லேசர் அறுவை செய்துகொள்ளாதீர்கள். அதற்கென்று நிபந்தனைகள் இருக்கின்றன. பட்டியலில் உள்ள மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உண்மையான தடை நிறக்குறைபாடு. இஷிஹாரா என்ற புத்தகத்தில், பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். முதல் பக்கத்தில் இருக்கும் 12 எல்லோருக்குமே தெரியும். நிறக்குறைபாடு உள்ளவருக்கும் தெரியும். சோதனை புரிந்ததா என்று பார்ப்பதற்காக வைத்த பக்கம் அது. கண்ணாடிக் கடையிலோ பள்ளி முகாமிலோ அந்த ஒரு பக்கத்தைக் காட்டி 'எல்லாம் சரி' என்று சொல்லியிருந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். முழுப் புத்தகத்தையும் பகல் வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். சிவப்பு–பச்சைக் குறைபாடு தாய்வழி வருவது. தாய்மாமனுக்கோ தாய்வழித் தாத்தாவுக்கோ இருந்தால் முதல் வேலையாக இதைச் சோதியுங்கள். மருந்தாலும் அறுவையாலும் இது மாறாது.

தேவையில்லாமல் 'தற்காலிகத் தகுதியின்மை' வாங்கி வருபவர்களும் உண்டு. காதில் அழுக்கு அடைத்திருந்து கேட்கும் திறன் குறைவாகப் பதிவாகும். முந்தின நாள் கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் அப்படித்தான். ஒரு வாரம் முன்பே காதைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. உடல் எடையை இரண்டு மூன்று மாதம் முன்பே கவனியுங்கள். பழைய அறுவை, வலிப்பு, ஆஸ்துமா எதையும் மறைக்க வேண்டாம். பின்னால் தெரியவந்தால் லைசென்ஸே போகும், அதற்குள் ஐம்பது லட்சமும் போயிருக்கும்.

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். இப்போது பி.காம். மூன்றாம் ஆண்டு. எனக்கு வழியே இல்லையா?
— கல்லூரி மாணவி, ஆரணி

இருக்கிறது. நடைமுறையில் உள்ள விதிப்படி பிளஸ் டூ அளவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தேறினால் ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த விதியைத் தளர்த்தும் பேச்சு இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காமல் எழுதிவிடுங்கள். சும்மா தேறினால் போதும் என்று படிக்காதீர்கள், நேவிகேஷன், அதாவது பறக்கும் வழியைக் கணக்கிடும் பாடம், முழுக்க அந்தக் கணக்குதான். வயதும் பெண் என்பதும் தடையில்லை. இந்தியாவில் பைலட்டுகளில் பெண்கள் சுமார் 15 சதவீதம். உலகச் சராசரியைவிட இது மிக அதிகம்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். தேர்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் என்கிறார்கள். முடியுமா? என்னென்ன தேர்வு?
— போளூர்

முடியும். முதலில் டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் நம்பர், அதாவது தேர்வு எழுதுவதற்கான பதிவு எண், வாங்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு, அவை அசல்தான் என்ற உண்மைத்தன்மைச் சான்றும் தேவை. இதில் வாரக்கணக்கில் நாள் ஓடும். ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பியுங்கள். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்திருக்கும். விண்ணப்பங்கள் திரும்பி வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பாடங்கள்: ஏர் நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல் பொது, பிறகு நீங்கள் பறக்கும் விமானத்துக்கான டெக்னிக்கல். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். கேள்விகள் கணினியில், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. இங்கே ஆங்கிலம் பெரிய இடையூறு இல்லை. ஐந்நூறு அறுநூறு கலைச்சொற்கள் பழகினால் போதும். ஒரு மாதிரி காட்டுகிறோம். கிளம்பி 30 நாட்டிக்கல் மைல் பறந்துவிட்டீர்கள். போக வேண்டிய கோட்டிலிருந்து 2 மைல் விலகியிருக்கிறீர்கள். விலகல் எத்தனை டிகிரி? 60 மைலுக்கு 1 மைல் விலகினால் 1 டிகிரி என்பது விதி. 2-ஐ 30-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 4 டிகிரி. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவருக்கு இது எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றுதான்.

வாய் திறந்து பேச வேண்டியது ஆர்.டி.ஆர். தேர்வில். ரேடியோவில் பேசும் உரிமத்துக்கான தேர்வு அது. முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 2024-ம் ஆண்டுச் சட்டம் அதை டி.ஜி.சி.ஏ.விடம் மாற்றியது. நன்றாகப் படித்தவர்கள்கூடத் தவறுவது இதில்தான். பதில் தெரியாமல் தவறுவதில்லை, ஹெட்போனில் குரல் வந்ததும் உறைந்துபோவார்கள். வீட்டில் உரக்கப் பழகுங்கள். ரேடியோவில் 3 என்பது 'ட்ரீ', 5 'ஃபைஃப்', 9 'நைனர்'. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரத்தையும் திசையையும் திருப்பிச் சொல்வது, பிறகு உங்கள் அழைப்புக் குறி. தினமும் இருபது நிமிடம் ஒருவர் கோபுரமாகவும் ஒருவர் விமானமாகவும் பேசிப் பழகினால் மூன்று மாதத்தில் நாக்கு திரும்பிவிடும். இது தவிர ஆங்கிலத் திறன் சோதனை உண்டு. 6 நிலைகளில் 4 வந்தால் போதும். உச்சரிப்பில் தமிழ் வாடை இருப்பது குற்றமில்லை, சொன்னது புரிய வேண்டும்.

பறக்கத் தொடங்கும் முன்பே இந்தத் தேர்வுகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடுங்கள். காலையில் பறந்து, வெயிலில் காய்ந்து, இரவில் படிப்பது நடக்காத காரியம். தேர்வு முடிவுகளுக்குக் கால வரம்பும் இருக்கிறது; மூன்றை எழுதிவிட்டு மற்றதை இழுத்தடித்தால் முதலில் எழுதியது காலாவதியாகலாம்.

பயிற்சிப் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அப்துல்லாபுரம் விமான நிலையம் திறந்தால் இங்கேயே படிக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

ஐயா, அப்துல்லாபுரம் மத்திய அரசின் உடான் திட்டத்தில், சிறிய பயணிகள் விமானத்துக்காகச் சேர்க்கப்பட்டது. அதை எதிர்பார்த்துப் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். கிட்ட இருக்கிறதா என்பதையும் அளவுகோலாக வைக்காதீர்கள். பறக்கக்கூடிய நிலையில் எத்தனை விமானம், பறக்கக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர், இந்த இரண்டு எண்தான் முக்கியம்.

ஒரு கணக்கு. ஐந்து விமானங்கள், ஒவ்வொன்றும் மாதம் 60 மணி நேரம் பறந்தால் 300 மணி. பறக்கும் கட்டத்தில் 20 மாணவர்கள் என்றால் ஆளுக்கு 15 மணி. 200 மணி நேரத்தைப் பதினான்கு மாதத்துக்குள் முடிக்கலாம். அதே ஐந்து விமானத்துக்கு 40 மாணவர்களைச் சேர்த்திருந்தால் ஆளுக்கு ஏழரை மணி. இருபத்தேழு மாதம் ஆகும். கட்டணப் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது. தங்குமிடச் செலவிலும் கடன் வட்டியிலும் தெரியும்.

தாமதத்தில் இன்னொரு ஆபத்து. 200 மணி நேரம் என்பது வெறும் கூட்டுத்தொகை இல்லை. அதில் 100 மணி தனிப் பொறுப்பில் ஓட்டியதாக இருக்க வேண்டும். அந்த நூறிலும் 15 மணி விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள். ஊர் விட்டு ஊர் பறந்தது 20 மணி, அதில் 300 நாட்டிக்கல் மைல் கொண்ட ஒரே பயணம், வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி நின்றது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 10 மணி. இந்தப் பத்தில் சிமுலேட்டரில், அதாவது தரையில் நிற்கும் மாதிரி விமானக் கருவியில், அதிகபட்சம் 5 மணி கணக்காகும். இரவில் 5 மணி, பத்து முறை எழுந்து பத்து முறை இறங்கியது. கடைசித் தேர்வுக்கான விமானமோ தேர்வாளரோ கிடைக்காமல் நாலைந்து மாதம் தள்ளிப்போனால் ஆறு மாத வரம்பு தாண்டிவிடும். அந்த மணிகளை மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டும். ஐம்பது லட்சத்தை இருநூறால் வகுத்தால் மணிக்கு 25,000. கூடுதலாகப் பத்து மணி என்றால் இரண்டரை லட்சம்.

அதனால் நேரில் போங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்பதைவிட, அனுமதி வாங்கிக்கொண்டு காலை 6 முதல் 9 வரை விமானங்கள் நிற்கும் இடத்தருகே நின்று எத்தனை எழுகின்றன என்று எண்ணுங்கள். காற்றுப்போன சக்கரம், இன்ஜின் கழற்றிய மூக்கு, கண்ணாடியில் படிந்த தூசி, இவை பல மாதமாக நிற்கும் விமானத்தின் அடையாளம். பட்டியலில் அதுவும் ஒரு விமானமாகவே எண்ணப்பட்டிருக்கும். ஒவ்வொரு 100 மணிக்கும் பெரிய பரிசோதனை உண்டு, ஆகையால் ஐந்தில் ஒன்று கொட்டகையில் இருப்பது இயல்பு. மூன்று இருந்தால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். பெட்ரோல் இன்ஜினா, ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் இன்ஜினா என்றும் கேளுங்கள். சிறு விமானங்களுக்கான அவ்காஸ் பெட்ரோலைக் கையாள்பவர்கள் குறைவு. 2022-ல்தான் இந்தியன் ஆயில் அதைத் தன் வதோதரா ஆலையில் தயாரித்து விற்கத் தொடங்கியது. இருப்பு தீர்ந்தால் பள்ளி முழுக்க நிற்கும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி. சித்திரை மதியம் 40 டிகிரியில் காற்று லேசாகிவிடும். அந்தக் காற்றில் எழும் சிறு விமானம், குளிர்ந்த நாளில் ஏறத்தாழ 3,900 அடி உயரத்திலிருந்து எழுவதைப்போலத் திணறும். ஏலகிரி மலைமேல் இருக்கும் ஊர்களைவிட உயரத்தில் ஓடுபாதை போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை அதிகம் பிடிக்கும், ஏறுவது மெதுவாகும். அதனால் கோடையில் பல இடங்களில் காலையும் மாலையும்தான் பறப்பார்கள். 'வருஷத்துக்கு 300 நாள் பறக்கலாம்' என்று சொன்னால், அந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். போன வருஷம் சேர்ந்தவர்களின் பறப்புப் பதிவேட்டில் மாத வாரியாக எத்தனை மணி என்று பார்த்தால் உண்மை ஒரே பக்கத்தில் தெரியும்.

பணம் கட்டும் முறையை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்பதற்கு மயங்க வேண்டாம். பறந்த மணிக்கேற்பத் தவணை, பாதியில் விலகினால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும், எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில், இரட்டை இன்ஜின் 15 மணி இந்தத் தொகைக்குள் வருமா, இவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற பள்ளி நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறப்புப் பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவாக்கியிருக்கிறது. ரசீதில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் காரணம் கேளுங்கள். 2025 முதல் டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது. அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பறக்காத மணியைப் பதிவேட்டில் எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து உடனே வெளியேறுங்கள். பொய் மணியோடு விமானம் ஏறுபவருக்குப் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்காவில் பத்து மாதத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். போகலாமா?
— வாணியம்பாடி

வானிலையும் விமான எண்ணிக்கையும் அங்கே சாதகம். வேகமாக முடியும் என்பது உண்மை. ஆனால் அங்கே எடுத்த லைசென்ஸை இங்கே மாற்றியாக வேண்டும். அதற்கு நம் டி.ஜி.சி.ஏ. தேர்வுகள் எழுத வேண்டும், அமெரிக்க அதிகாரிகளிடமிருந்து லைசென்ஸ் சரிபார்ப்புக் கடிதம் வர வேண்டும், இங்கே பறந்தும் காட்ட வேண்டும். இதற்கு நாலைந்து மாதமும் சில லட்சமும் தனியாக ஒதுக்குங்கள்.

மணிக் கணக்கில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். அங்கே அரசு அங்கீகரித்த பாடத்திட்டத்தில் நடக்கும் 'பார்ட் 141' வகைப் பள்ளியில் 190 மணியிலேயே லைசென்ஸ் கிடைத்துவிடும். அதிலும் கொஞ்சம் சிமுலேட்டர் இருக்கும். நமக்கு நிஜ விமானத்தில் 200 வேண்டும். அடுத்தது, சில நேரங்களில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே மாணவர் அந்த மணியைத் தன் தனிப் பொறுப்பாக எழுதிக்கொள்ள அமெரிக்க விதி இடம் தருகிறது. நம் விதிப்படி அது ஆசிரியரோடு பறந்த மணி. திரும்பி வந்து 100 மணியில் எழுபதுதான் தேறியது என்று தெரிந்தால், மீதி முப்பதை இங்கே வாங்க வேண்டும். கிளம்பும் முன்பே நம் விதியின் பட்டியலை அந்தப் பள்ளியிடம் கொடுத்து, இந்த மணிகள் அனைத்தும் கட்டணத்துக்குள் அடங்கும் என்று எழுதி வாங்குங்கள்.

சி.பி.எல். கையில் வந்து பதினோரு மாதம். விண்ணப்பித்த இடங்களிலிருந்து அழைப்பு இல்லை. ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கான டைப் ரேட்டிங்கை நானே 18 லட்சம் கட்டி முடித்துவிட்டால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். அப்பா நிலத்தை விற்கத் தயாராக இருக்கிறார்.
— வாலாஜாபேட்டை

வேலை உறுதிக் கடிதம் கைக்கு வரும் முன் அந்த 18 லட்சத்தைக் கட்டாதீர்கள். அப்பாவிடம் நிலப் பத்திரத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

டைப் ரேட்டிங் ஒரே ஒரு ரக விமானத்துக்குத்தான். ஏ320 எடுத்த பிறகு போயிங் 737 ஓட்டும் நிறுவனம் கூப்பிட்டால் அது உதவாது, ஏ.டி.ஆர். என்ற சிறிய ரக விமானம் ஓட்டும் நிறுவனம் கூப்பிட்டாலும் உதவாது. எந்த நிறுவனம் எந்த மாதம் ஆள் எடுக்கும் என்று தெரியாமல் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது சூதாட்டம். இரண்டாவது, பெரும்பாலும் நிறுவனங்கள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, தாங்கள் சொல்லும் பயிற்சி நிலையத்தில், தங்கள் முறைப்படியே டைப் ரேட்டிங் செய்யச் சொல்கின்றன. மூன்றாவது, சிமுலேட்டரில் கற்றது ஆறு மாதம் தொடாமல் விட்டால் கையிலிருந்து நழுவும். இன்ஜின் தீப்பிடித்தால் எந்தச் சுவிட்சை எந்த வரிசையில் என்பதெல்லாம் பழக்கத்தில் வருவது. ஒரு வருஷம் கழித்து நிறுவனம் சிமுலேட்டரில் உட்கார வைக்கும்போது, 'டைப் ரேட்டிங் இருக்கிறது' என்று சொன்னவர் தடுமாறுவது, புதியவர் தடுமாறுவதைவிட மோசமாகப் பதிவாகும்.

அந்த 18 லட்சத்தில் எது அடங்கும் என்றும் பாருங்கள். வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு இவற்றோடு, உங்களைப் போன்ற புதியவர் நிஜ விமானத்திலும் எழுந்து இறங்கிக் காட்டியாக வேண்டும். அதற்கான விமான வாடகையும் எரிபொருளும் பல விலைப்பட்டியல்களில் இருக்காது. அது இல்லாமல் ரேட்டிங் லைசென்ஸில் ஏறாது. 'பணம் கட்டினால் நிறுவனத்தில் சேர்த்துவிடுகிறோம்' என்று இடைத்தரகர் கேட்டால் அது மோசடி. நிறுவனத்தின் தேர்வில் எழுத்து, மனத்திறன், குழுச் சோதனை, நேர்காணல், சிமுலேட்டர் என்று படிகள் உண்டு; இடையில் நுழைய வழி கிடையாது.

காத்திருக்கும் இந்த மாதங்களில் குறைந்த செலவில் செய்யக்கூடியவை உண்டு. கேப்டன் ஆவதற்கான உரிமமான ஏ.டி.பி.எல்.லின் எழுத்துத் தேர்வுகளை எழுதுங்கள்: நேவிகேஷன், வானிலை, ரேடியோ உதவிகளும் கருவிகளும். நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் இந்தத் தரத்தில்தான் வருகின்றன. மூன்றையும் முடித்தவர் விண்ணப்பத்தில் தனியாகத் தெரிவார். கிளாஸ் 1 மருத்துவத்தையும் வருஷாந்தரக் கருவிப் பறப்புச் சோதனையையும் காலாவதியாக விடாதீர்கள். அழைப்பு வந்த அன்று இவற்றில் ஒன்று செல்லாமல் இருந்தால் அந்தத் தேர்வு கைவிட்டுப் போகும். புதுப்பிக்க வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று இப்போதே எழுதி ஒதுக்குங்கள். உதவிப் பறப்புப் பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து ஒரு பள்ளியில் சேர முடிந்தால் அது இன்னும் நல்லது. சம்பளம் குறைவு, ஆனால் அடுத்தவர் காசில் மணி ஏறும், கை ஓயாது. ஏ.டி.பி.எல்.லுக்கு 1,500 மணி வேண்டும். இங்கே பறப்பது அந்தக் கணக்கிலும் சேரும்.

விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டம் பரவாயில்லையா?
— ராணிப்பேட்டை

முதலில் தேர்வு, பிறகு பயிற்சி என்பதால் வரிசை சரியானது. விலை ஒரு கோடியை ஒட்டியோ தாண்டியோ போகும். டைப் ரேட்டிங் பெரும்பாலும் அதில் அடங்கும். ஆனால் அவர்கள் தருவது நிபந்தனையோடு கூடிய வேலைக் கடிதம். 'நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு' என்ற வரி எங்கே இருக்கிறது, தேவை இல்லை என்றால் கட்டிய பணத்துக்கு என்ன ஆகும், வேலையில் எத்தனை வருஷம் இருந்தாக வேண்டும், முன்பே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், இந்த நான்கையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணமே கட்டாமல் பைலட் ஆக முடியாதா? ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து எழும் விமானங்களைத் தினமும் பார்க்கிறேன்.
— பதினோராம் வகுப்பு மாணவர், அரக்கோணம்

முடியும் தம்பி, உனக்கு இதுதான் சரியான வயது. பிளஸ் டூ முடிக்கும்போதே என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு எழுது, பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை. விமானப்படைக்கோ கடற்படைக்கோ இயற்பியலும் கணிதமும் வேண்டும். பட்டம் முடித்த பிறகு விமானப்படைக்கு ஆஃப்கேட் தேர்வு. அதில் பறக்கும் பிரிவுக்குக் குறுகிய காலச் சேவை என்பது 14 வருஷம். பயிற்சிக்கு நீ ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், அரசு உனக்குப் பணம் தரும். ஆனால் இதை விமான நிறுவன வேலைக்கு ஒரு குறுக்கு வழியாக நினைத்துப் போகாதே. அது படை வாழ்க்கை. அதை விரும்பினால் மட்டும் போ.

பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த மாணவருக்கு உதவித்தொகை உண்டா?
— திருப்பத்தூர்

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சி.பி.எல். முதல் பிரிவுப் படிப்பாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். இது முழுச் செலவையும் ஈடுகட்டாது, ஒரு பகுதிக்கு உதவும். தேசிய பட்டியல் சாதியினர் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடனும் இருக்கிறது. வங்கியைவிட வட்டி குறைவு, தமிழ்நாட்டில் மாநில அரசின் தாட்கோ கழகம் வழியாக விசாரிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலத்துறைப் பிரிவுக்குப் போகும்போது, பள்ளியின் டி.ஜி.சி.ஏ. அங்கீகார நகல், அது எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம், ஆண்டு வாரியாகப் பிரித்த கட்டணப் பட்டியல் மூன்றையும் கொண்டுபோங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒற்றைத் தாளோடு போனால், ஆண்டுக் கணக்கு கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.